கப்பலில் மாப்பிள்ளை, கோப்பாயில் எழுத்து

உதயகலா கோப்பாயில் கார் பழக்குகிறாள். பழகுபவருக்குப் பக்கத்தில் அவள் இருக்கிற இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. யார் எந்த மதிலை நோக்கிப் போனாலும் அவள் குரல் உயராது. கால் மட்டும் இறங்கும். அந்த வட்டாரத்து மதில்களில் பாதி அவள் காலால் தப்பியவை.

அப்படிப்பட்டவளின் கலியாணம் மட்டும் நகரவில்லை. மாப்பிள்ளை நிருஷன், தொண்டைமானாற்றுப் பொன்னம்பலம் - நல்லம்மா தம்பதியின் ஒரே மகன், சரக்குக் கப்பலில் சமையற்காரன். இரண்டு தரம் நாள் வைத்தார்கள். இரண்டு தரமும் மாற்றாள் வரவில்லை என்று கப்பல் அவனை இறக்காமல் கொண்டுபோய்விட்டது. தை கடந்தால் சனி மாறுகிறது, இரண்டரை வருடத்துக்குக் கலியாணப் பேச்சே கூடாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். உதயகலா சனிக்குப் பயப்படவில்லை. இன்னும் இரண்டரை வருடம் அவனில்லாமல் இருக்கத்தான் பயந்தாள். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வழி கப்பலிலேயே கிடைத்தது. அதில் பறக்கிற கொடி எந்த நாட்டினதோ, அந்த நாட்டுச் சட்டப்படி மாப்பிள்ளை வரத் தேவையில்லை. அவனுக்குப் பதிலாக ஒருவர் பெண்ணருகில் நின்று சம்மதமாக 'ஓம்' சொன்னால் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, செல்லுபடியாகும். பதிவாளர் கணினித் திரையில் வருவார். நிருஷன் அதிகாரப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, ஆளின் பெயருக்கு இடம் விட்டு அனுப்பினான். "தாலியை நான் வந்து கட்டுறன்" என்று சொல்லிவிட்டு, போன் எடுக்காத கடலுக்குள் போய்விட்டான்.

பெயர் நிரப்பும் பொறுப்பை உதயகலாவின் அண்ணன் குகதாசன் எடுத்தார்.

"றமேஸை நிப்பாட்டினால் என்ன, அண்ணை?"

"உவன் உனக்கு மச்சான் முறை. ஓம் எண்டு சொன்னானெண்டால் ஊர் அதை அப்பிடியே விட்டிடும் எண்டு நினைக்கிறியோ?"

"அப்ப சுபாஸ்?"

"சித்தப்பான்ரை பெடியன். தம்பி முறை. கேக்கவே காது கூசுது."

சொந்தமில்லாத மரியரட்ணத்தைக் கேட்டார்கள். "தேவாலயத்திலை ஒருக்கால் சொல்லிப்போட்டன், தம்பி. ரெண்டாந்தரம் சொன்னால் மனிசி மியூரியல் சோறு தராள்" என்றார் அவர். மாமனார் பொன்னம்பலத்தின் பேரைச் சொன்னதும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சன்னதிக்குப் போய்விட்டார். கடைசியில் நல்லம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "என்ரை பிள்ளைக்கு நான் நிக்கிறன். அவனுக்காக நான் கதைக்காமல் வேறை ஆர் கதைக்கிறது?"

தையின் கடைசி நாள், குகதாசன் வீட்டு விறாந்தையில் எழுத்து நடந்தது. மாமியாரும் மருமகளும் மாப்பிள்ளையும் பெண்ணுமாக நின்றார்கள். திரையில் பதிவாளர் கேட்டதை, பக்கத்துக் கட்டத்துக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நிருஷனாகிய நீர், உதயகலாவை மனைவியாக ஏற்கிறீரா?"

நல்லம்மா திரைக்குக் கிட்டப் போனார்.

"பாப்பம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றாமல் சொன்னார். பதிவாளர் பேனாவை வைத்துவிட்டார்.

"என்ன மாமி செய்யிறியள்?" என்றார் குகதாசன்.

"அவன் சொல்லுற மாதிரித்தானே நான் சொல்லவேணும்? சோறு போடவோ எண்டாலும் அவன் பாப்பம் எண்டுதான் சொல்லுவான். பிறந்த நாள் துவக்கம் என்னட்டை ஒரு ஓம் சொன்னதில்லை. பொய்யாய் நான் என்னெண்டு சொல்ல?"

மாப்பிள்ளை மனம் தெளிந்த பிறகு வேறொரு நாள் பார்க்கலாம் என்று பதிவாளர் சொல்வதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். உதயகலாவின் கால் தரையை அழுத்தியது. கீழே பிரேக் இல்லை.

"மாமி" என்றாள், கார் பழக்குகிற அதே குரலில். "கப்பல் ஏறமுன்னம் அவரை நான் கேட்டனான், என்னைக் கட்ட விருப்பமோ எண்டு."

"என்னவாம்?"

"ஓம் எண்டவர்."

"உடனையோ?"

"உடனை."

நல்லம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு மருமகளை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார்.

"உனக்கு மட்டும் சொன்னவனோ" என்று முணுமுணுத்தார். திரைப் பக்கம் திரும்பினார். "ஓம். எழுதுங்கோ. ஓம்."

குகதாசன் மாலைகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, யார் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் ஒன்றைக் கணினிக்குப் போட்டார்.

மாசி நடுவில் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட்டது. நிருஷன் போன் எடுத்தான்.

"எழுத்து முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. நீங்கள் எப்ப வாறியள்?"

"பாப்பம்" என்றான்.

உதயகலா போனைப் பக்கத்தில் நின்ற மாமியிடம் கொடுத்தாள்.