மூன்றாவது அடி

கடையில் நோட்ஸ் விற்கும்வரை இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றப்போவதில்லை. இது ஞானம்பாள் மேடத்தின் தீர்ப்பு. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் எடுப்பவர். வெள்ளிக்கிழமையானால் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார். கவிதையோ கதையோ பஸ்ஸில் கேட்ட சினிமாப் பாட்டோ, எதுவானாலும் ஒரே கேள்விதான்: "இது உன்னை என்ன பண்ணுச்சு?" யாராவது "கவிஞரின் சமுதாயப் பார்வை" என்று ஆரம்பித்தால் போச்சு. "உட்காருடி அம்மா, உன்னைக் கேட்டேன்" என்பார்.

இந்தக் கேள்விக்கு வகுப்பே முழிக்கும்போது பட்டென்று வாய் திறப்பவள் கீர்த்தனா, முதல் வருஷம். கடப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் சுற்றி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். ஒருமுறை, காதலனுக்காகக் கடற்கரையில் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார்கள். எல்லோரும் உருகினார்கள். கீர்த்தனா எழுந்து, "எனக்கு எரிச்சலா வந்துச்சு மேம். ஏன் உட்கார்ந்துகினே கீறா? ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே?" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அடுத்த வாரம் ஞானம்பாள், அவரவர் வீட்டில் பாடிய தாலாட்டைக் கொண்டுவரச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

கீர்த்தனாவின் அம்மா கண்ணகி, கணவன் போன பிறகு நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். வந்த அன்றைக்குத் துணி துவைத்து, மீன் குழம்பு வைத்து, தலைவாரிவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத் தூரம்தான். துபாய் என்றாலாவது மனசு ஆறும். இதோ இருக்கிற நாவலூருக்கு ஏங்குவதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மகள் வளர்வது தாய்மாமன் முனிசாமி வீட்டில். தாலாட்டில் வருகிறவனும் அவனே.

"தோணி ஏறி வருவானாம் மாமன் முனிசாமி
தொட்டிலுக்கு முத்து கோப்பான் மாமன் முனிசாமி"

முத்தாவது கித்தாவது! அந்த மனுஷன் ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கி வந்ததில்லை. ஆனால் சோறு போட்டான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இரண்டு அடிக்கு மேல் கீர்த்தனாவுக்கு வரவில்லை. எப்படி வரும்? அதற்குள் தூங்கிப் போயிருப்பாளே. அம்மாவுக்குப் போன் போட்டாள். "பையன் கண்ணு அசர நேரம்டி, அப்பாலிக்கா பேசறேன்" என்று வைத்துவிட்டாள். போன் கட்டாவதற்குள் அம்மா அதே தாலாட்டைப் பாட ஆரம்பித்தது காதில் விழுந்தது.

வகுப்பில் இரண்டு அடியையும் சொல்லிவிட்டு, "எனக்குக் கோபம் வந்துச்சு மேம். என் பாட்டை வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"மூணாவது அடி?" என்றார் ஞானம்பாள்.

"கேட்டு வந்து சொல்றேன்."

அடுத்தவளுக்குச் சொன்ன புத்தி தனக்கும் ஆகாதா? சனிக்கிழமை பஸ் ஏறினாள். கோவளத்தில் இறங்கி, கேளம்பாக்கம் போய், நாவலூர் போய்ச் சேரும்போது மத்தியானம். எட்டாவது மாடியில் கதவைத் திறந்தவன் நாலு வயசு விவான்.

"நீங்க யாரு?"

"கண்ணகியம்மா பொண்ணு. கடப்பாக்கம்."

பையன் அவளைத் தாண்டி லிஃப்டை எட்டிப் பார்த்தான். "முனிசாமி மாமா வரலையா?"

கீர்த்தனா திகைத்துப் போனாள். உள்ளேயிருந்து வந்த அவன் அம்மா ஹரிப்ரியா சிரித்தாள். "இவன் சொந்த மாமா அமெரிக்காவில இருக்கார்மா. வீடியோ கால்ல வந்தா பேசவே மாட்டான். முத்து கொண்டுவர மாமாதான் வேணுமாம். தினமும் பால்கனியில போய் நிக்கறான்."

பாட்டைத்தான் கொடுத்தாள் என்று பார்த்தால், மாமனையும் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்!

பையனைத் தூங்க வைத்துவிட்டுக் கண்ணகி கீழே வந்தாள். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார்கள்.

"சாப்டியாடி?"

"அந்தப் பாட்டு என்னுதும்மா." கேட்க நினைத்தது வேறு, வாயில் வந்தது இது. "அவன் மாமன் பேரைப் போட்டுப் பாடேன். ஏன் நம்ம மாமனை இழுக்கறே?"

கண்ணகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மொத ரெண்டு நாளு அப்டித்தான் பாடினேன். அவங்க மாமன் பேரைப் போட்டா வேலை செய்யற மாதிரியே கீது. முனிசாமின்னு சொன்னாத்தான், மடியில நீ கீற மாதிரி இருக்கும். கையும் தானா தட்டும். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?"

வயசுக்கு வந்த பெண், காவலாளி பார்க்கிறான், கீர்த்தனா எதையும் பொருட்படுத்தாமல் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். கை தட்ட ஆரம்பித்தது. தோணி ஏறி வந்தான் முனிசாமி. தொட்டிலுக்கு முத்து கோத்தான். தூங்கிவிடக் கூடாது என்று கீர்த்தனா தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

கண்ணகியின் போன் அடித்தது. "கண்ணகிம்மா, முழிச்சுட்டான், அழறான்."

கை நின்றது. "போய்ட்டு வந்துர்றேன்டி" என்று எழுந்தாள். இருட்டுகிறவரை வரவில்லை, பையனுக்குக் காய்ச்சல் அடித்தது. கடைசி பஸ் போய்விடும் என்று போனில் சொன்னாள். கீர்த்தனா கிளம்பினாள்.

வீட்டு வாசலில் முனிசாமி பல் குத்திக்கொண்டிருந்தான். "மாமா, நாவலூர்ல உன்னைத் தேடறாங்க."

"இன்னாத்துக்கு? நான் ஒண்ணும் பண்ணலியே!" என்று பதறினான்.

போனில் கேட்டால் அம்மா மிச்சத்தைச் சொல்லிவிடுவாள்தான். மடியில் கேட்க வேண்டியதைப் போனில் கேட்க கீர்த்தனாவுக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஞானம்பாள் மறக்காமல் கேட்டார். "மூணாவது அடி?"

கீர்த்தனா எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியாது மேம். நாவலூர்ல ஒரு பையனுக்குத் தெரியும்."