அரையிறுதியில் விழுந்த கோல்

சென்னைத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ஸ்டானிஸ்லாஸுக்கு நாலு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு பெண். ஐந்து பேரில் கால்பந்து நன்றாக ஆட வந்தது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மைதானத்தில் அண்ணன்மார் ஆடும்போது, ஆள் குறைகிறதே என்று அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவள் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கே எல்லோரும் ஓடினார்கள். அவள் பெயர் ஞானபாக்கியம்; ஆள் குள்ளம். ஆனால் பந்து காலில் சிக்கிவிட்டால், எதிரே நிற்பவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் கம்பத்தருகே நிற்பாள்.

வயதுக்கு வந்ததும் தாய் சிலுவையம்மாள் மைதானத்துக்குத் தடை போட்டாள். திருவொற்றியூரில் பெயிண்ட் டப்பா செய்யும் கம்பெனியில் மகளைச் சேர்த்துவிட்டாள். தகரம் வெட்டும் மெஷினில் நாள் முழுக்க நின்றபடி வேலை. பந்தை மறந்தாற்போலத்தான் இருந்தது, ஹென்றி வந்து கதவைத் தட்டும்வரை.

ஹென்றி ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு காலத்தில் ரயில்வே டீமில் ஆடியவர். பெண்களுக்கென்று அகில இந்தியப் போட்டி தொடங்கி ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாநில அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு ஆலிஸ் ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். கான்வென்டில் படித்து இங்கிலீஷ் பேசும் பெண்.

"முட்டி தெரிய ஓடினா நாளைக்கு எவன்யா கட்டிப்பான் இவள?" என்றாள் சிலுவையம்மாள்.

"நீ சொம்மா இருமே," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நம்ம வம்சத்துல ஒருத்தனாவது பேப்பர்ல வந்துகிறானா? எம் பொண்ணு வரட்டும்."

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் ரயிலேறினார்கள். வடக்கே ஏதோ ஓர் ஊர். ஞானபாக்கியம் பிறந்ததிலிருந்து பார்த்திராத குளிர். காலையில் பனி கலையும்வரை எதிர்க் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. லீக் ஆட்டங்களில் இரண்டு ஜெயித்து ஒன்றை டிரா செய்து, யாரும் எதிர்பாராமல் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரே கேரளம்.

அந்த அணியின் கோல்கீப்பர் ஏலிக்குட்டி. நெடுநெடுவென்று வளர்ந்த பெண். அவள் கையைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரம் தமிழ்நாட்டுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஆலிஸ் பந்தைத் தூக்கி அடித்தாள். கும்பலுக்கு நடுவே ஞானபாக்கியம் எம்பினாள். பந்து தலைக்கு மேலே போகிறது, எட்டாது என்று காற்றிலிருக்கும்போதே தெரிந்துவிட்டது. கை தானாகப் போயிற்று என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் கையைத் தூக்கிய அந்தக் கணத்தில், தூக்குகிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பந்து வலைக்குள் விழுந்தது. ரெஃப்ரி விசில் ஊதி, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார்.

"கையாணு! கை கொண்டா அடிச்சது!" ஏலிக்குட்டி அலறிக்கொண்டு ஓடினாள். ரெஃப்ரி கேட்கவில்லை; வேறு யாரோ தள்ளிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவள் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டாள். பொத்தான் தெறித்தது. அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

போகிற வழியில் ஏலிக்குட்டி ஞானபாக்கியத்தின் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை. கழுத்தில் கயிற்றில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாதாவினெ ஓர்த்து நீ தன்னெ பற," என்றாள். துறைமுகத்து டீக்கடைகளில் மலையாளம் கேட்டு வளர்ந்தவளுக்கு அது புரியாமலில்லை. மாதாவை நினைத்து நீயே சொல் என்கிறாள். ஞானபாக்கியம் குனிந்து, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். நிமிர்ந்தபோது ஏலிக்குட்டி பனிக்குள் போய்விட்டிருந்தாள்.

அந்த ஒரு கோலில் ஜெயித்து இறுதிக்குப் போனார்கள். இறுதி ஆட்டத்தில் படுதோல்வி. ஆனால் அதைப் பற்றி யாருக்குக் கவலை? நம் பெண்கள் இறுதிவரை போய்விட்டார்களே! சென்ட்ரலில் இறங்கியபோது கோயில் பேண்டு செட் தயாராக நின்றது. துறைமுகத்து லாரியில் ஏற்றி ராயபுரம் முழுக்கச் சுற்றி வந்தார்கள். மாலையின் ஈரம் கழுத்தில் ஊற, அப்பா லாரியோடு கூடவே நடந்து அழுதுகொண்டு வருவதைப் பார்த்தாள். எங்காவது இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கையால் போட்ட கோலைச் சொன்னாள். சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். "விளையாட்டுல நடக்கிறதுதானேம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்றும் சொன்னார். மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். மனசு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பாவிடம் சொன்னாள். அவர் சாப்பிட்ட கையோடு சிரித்தார்.

"கையோ காலோ, உள்ள போச்சா இல்லியா?"

"போச்சு நைனா. ஆனா அது கோல் இல்ல."

"ரெஃப்ரியே கோல்னுட்டான், நீ இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? வெளிய வாயத் தொறக்காத."

வெளியே வாயைத் திறந்தது அவர்தான். துறைமுகம் முழுக்கப் பெருமையாகப் பரப்பிவிட்டார். வேலை முடிந்து போகிறவர்கள் தெருவில் அவளைக் கண்டால் ஒரு கையைத் தூக்கிக் காட்டிக் கண்ணடித்தார்கள். "கில்லாடிமே நீ! ரெஃப்ரிக்கே அல்வா குட்த்துட்டியே!" திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டு முதுகில் சேறு அப்பினாற்போல ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் முதலாளியே கூப்பிட்டு, மெஷினிலிருந்து மாற்றி, உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார். கூட நின்ற பெண்கள் மெஷினிலேயே நின்றார்கள். அவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஹென்றி ஒரு சேதி கொண்டுவந்தார். "அந்த மலையாளத்துக் கோல்கீப்பர் இல்ல? சட்டையப் பிடிச்சதுக்கு ரெண்டு வருஷம் ஆடக்கூடாதுன்னுட்டாங்க. ஏதோ மில்லுல வேலை குடுக்கிறதா இருந்தாங்களாம். அதுவும் போச்சு." பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, அடுத்த பயிற்சிக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயிற்சிக்குப் போனாள்.

அடுத்த வருஷப் போட்டி கேரளத்திலேயே நடந்தது. முதல் நாள், மைதானத்து ஓரத்தில் பந்தல் போட்டு ஆட வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கை நீட்டிய ஞானபாக்கியத்திடம் கண்ணாடி டம்ளரை நீட்டியவள் ஏலிக்குட்டி. சட்டை போட்டு, வேட்டி போன்ற முண்டு கட்டி, தோளில் துண்டோடு, வேலைக்கு வந்தவளாக நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் ஏலிக்குட்டி மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே டம்ளரை அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்தவளுக்கு ஊற்றப் போனாள்.

டீ ஆறிப்போகும்வரை ஞானபாக்கியம் அப்படியே நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போட்டி நடத்தும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த மேஜையை நோக்கி நடந்தாள்.

"எங்க போற?" ஹென்றி ஓடிவந்து தடுத்தார்.

"போன வருஷம் போட்ட கோல் கையால போட்டது சார். சொல்லிடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? ஸ்டேட்டோட மானமே போயிடும்!"

அவள் விலகிப் போய்விட்டாள். மேஜையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆலிஸைக் கூப்பிட்டார்கள். ஞானபாக்கியம் சொல்லச் சொல்ல, ஆலிஸ் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டாள். கார்னர் அடித்தவள் அவள்தான். அங்கிருந்து எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு வருஷமாக அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"சொல்லு ஆலிஸ்," என்றாள் ஞானபாக்கியம்.

ஆலிஸ் முகம் சிவந்து, மீதியையும் சொன்னாள். "நானும் பார்த்தேன்" என்பதை அவளாகவே சேர்த்துச் சொன்னாள்.

அந்த மனிதர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கோல் போட்டது போட்டதுதான், அதை மாற்ற முடியாது என்றார். சட்டையைப் பிடித்ததும் பிடித்ததுதான். ஆனால் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். ஹென்றி அங்கேயே ஞானபாக்கியத்தை அணியிலிருந்து நீக்கினார். அந்தப் போட்டி முழுக்க அவள் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

கடைசி நாள் ஏலிக்குட்டி அவளைத் தேடி வந்தாள். தண்டனை ஒரு வருஷத்தோடு முடிந்தது, அடுத்த போட்டியில் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஞானபாக்கியம் எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"ஒரு கொல்லம் போயி," என்றாள் ஏலிக்குட்டி. ஒரு வருஷம் போயிற்று. "அது நீ தருமோ?"

அதை நீ திருப்பித் தருவாயா என்கிறாள். கேட்டுவிட்டு, டம்ளர்களைப் பொறுக்கப் போய்விட்டாள்.

இந்தத் தடவை சென்ட்ரலில் பேண்டு இல்லை. சேதி ரயிலுக்கு முன்பே வந்திருந்தது. கண்ணடித்தவர்கள் இப்போது காறித் துப்பினார்கள். "ஊர் மானத்த வித்துட்டு வந்துகீறா பாரு!" கம்பெனியில் யாரும் சொல்வதற்கு முன் அவளே லேபிள் வேலையை விட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். பக்கத்தில் நின்ற தங்கபுஷ்பம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அப்பாதான் அவளோடு பேசவில்லை. துறைமுகத்தில் அவரைக் கேலி செய்தார்கள். பெருமையடித்த வாய்க்குத் தகுந்த கேலி. சோறு போட்டால் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். வாரக்கணக்கில் அப்படியே போயிற்று.

ஒருநாள் பெரியண்ணன் செல்வநாதன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அடுப்படிக்கு அவளைத் தேடிப் போனான். அவனும் அப்பாவோடு துறைமுகத்தில்தான் வேலை பார்த்தான்.

"இன்னிக்கு ஒருத்தன் நைனாகிட்ட வம்பு பண்ணான். உம் பொண்ணு கையால ஆடறவளாமேன்னு. நைனா வின்ச்ச நிறுத்திட்டு எறங்கி வந்துட்டாரு. 'ஆமாடா, கையாலதான் போட்டா. தானா போய் அத்தினி பேர் முன்னால சொல்லிட்டும் வந்தா. உன் வூட்டுல எவன்டா சொல்லுவான்?'னு கேட்டாரு."

ஞானபாக்கியம் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி ஊற்றினாள்.

"தானா போய் சொல்லலண்ணா," என்றாள். "அவ கையால டீ வாங்கின அப்புறம்தான் சொன்னேன். அவ அங்க இல்லாங்காட்டி சொல்லியிருக்கவே மாட்டேன்."

"அத்தப் போய் நைனாகிட்ட சொல்லிக்கினு இருக்காத," என்றான் செல்வநாதன்.

அப்பா உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல், "இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்று கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு. "வஞ்சிரம் நைனா," என்று சொல்லிவிட்டு, களைந்த அரிசியை உலையில் போட்டாள்.