உள்ளே இன்னும் சாப்பிட்டு முடியவில்லை

நாகப்பன் செட்டி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் மீன்காரர். காஜா பெராங் பக்கமிருந்து சைக்கிளில் வருகிறவர், மீனை நிறுத்துக்கொண்டே, "உங்க கூட்டாளி கிராணி போயிட்டாரே, தெரியாதா? எடுத்து நாலு நாளாச்சு லா" என்றார்.

அவரோடு ஒரே ரப்பர் கிடங்கில் எதிரெதிர் மேசையில் கிராணியாகக் கணக்கெழுதிக் கிழவனானவன் நான். எனக்கு ஓர் ஆளை அனுப்பிச் சொல்ல அவருடைய பிள்ளைகளுக்கு நேரமில்லையாம். எங்களோடு கிடங்கில் இருந்த உங்களில் பலருக்கும் இதே கதிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்த செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியில் பிறந்து அங்கேயே முடிந்தவர். வீட்டில் மலாய்ப் பேச்சு. தமிழை நம்மிடம்தான் பேசிப் பழகினார். ஆனாலும் "நாந்தி டூலு" என்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை. கொஞ்சம் பொறு என்று அர்த்தம். லாரிக்காரன் ஹார்ன் அடித்தாலும் அதுதான் பதில், வெள்ளைக்கார துரை கூப்பிட்டாலும் அதுதான் பதில். அவர் கடைசிவரை சின்னக் கிராணியாகவே இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சுதந்திரத்துக்குத் தேதி வைத்ததைப் பாடாங் திடலில் அறிவித்த மறுநாள், கிடங்கு இளவட்டங்கள் இன்னும் ஒன்றரை வருஷமா என்று சலித்துக்கொண்டார்கள். நாகப்பன் சிரித்தார். "நாளைக்கேன்னு நெனச்சுக்குங்க. நான் கூரையில ஓடு மாத்தணும், அதுக்குள்ள முடியாது." அப்படியே ஆயிற்று. மெர்டேக்கா என்று அந்தச் சுதந்திரம் வந்தபோதும் அவர் வீடு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

வயதானால் வருஷம் ஏன் இப்படி ஓடுகிறது என்று அன்று அவரைக் கேட்டேன். தினமும் அதே ரப்பர் ஷீட்டைப் பார்ப்பதால்தான் என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. போகி நாளில் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் உண்டு, பார்ச்சு என்பார்கள். இலை போட்டு, சோறும் சம்பால் மீனும் வைத்து, இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். பிறகு தட்டிவிட்டுத் திறப்பார்கள். அதை வைத்துத்தான் அவர் பதில் சொன்னார்.

"சின்ன வயசுல அந்தக் கதவு தொறக்கவே தொறக்காது, தம்பி. பசி. சம்பால் வாசனை வேற. உள்ள எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. இப்ப எங்கம்மா, அப்பா, தங்கச்சி, என் பொண்டாட்டி எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தரா நெனைக்கணும் இல்ல? நெனச்சு முடிக்கல, தொறந்துடுறாங்க. வருஷமும் அப்படித்தான்."

"அப்போ ஆளைக் கொறைச்சுக்குங்க அண்ணே" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் போகிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். மூத்த மகன் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்திருந்தான். கதவைச் சாத்திச் சற்று நேரம்கூட ஆகவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தவன் எழுந்துபோய்த் திறந்துவிட்டான். "உங்கம்மா இன்னும் கையே நனைச்சிருக்க மாட்டா!" என்று கத்தினார் நாகப்பன். செத்தவர்களுக்கு மணி பார்க்கவா தெரியப் போகிறது என்று மகன் மலாயில் சொல்லிச் சிரித்தான். அன்று அவர் சாப்பிட உட்காரவில்லை. என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது, "என் இலைக்காவது அவசரப்படாம இருக்கச் சொல்லு, தம்பி. நீ சொன்னாக் கேப்பான்" என்றார்.

கேட்டானா? கருமாதி அன்று அவனைத் தனியாக அழைத்து, அப்பாவின் ஆசை இது என்று சொன்னேன். பயபக்தியோடு தலையாட்டினான். அவருக்குப் பிடித்த கோப்பி ஓ என்ற கடுங்காப்பியைச் சுடச்சுட ஊற்றி வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே அண்ணனும் தம்பியும் வீட்டை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. மூத்தவன் எழுந்தான். நான் கதவை மறித்து நின்று, "நாந்தி டூலு" என்றேன். அவன் என் தோளைத் தட்டி, மரியாதையாகவே ஒதுக்கிவிட்டுத் திறந்தான். கதவைத் தட்டக்கூட இல்லை. கோப்பியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வார்த்தைதான். எங்கள் வீட்டிலும் போகிக்குப் படையல் உண்டு. நான் சொல்லும்வரை கதவைத் தொடக் கூடாது என்று இந்த வருஷம் மகளிடம் கண்டித்துச் சொல்லிவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மாவை நினைத்தேன். அப்பாவை நினைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத அண்ணனுக்கு முகம் சரியாக வரவில்லை; அதைத் தேடிக்கொண்டிருந்தேன். நாகப்பனிடம் இன்னும் வந்து சேரவே இல்லை.

"எவ்வளவு நேரம்ப்பா, சோறெல்லாம் ஆறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே மகள் கதவைத் திறந்துவிட்டாள்.