மருதாணிப் பாதம்

லிந்துலை நகரப் பள்ளிக்கூடத்தில் படித்த திமிர் எனக்கு. அன்று தேயிலைக் கொழுந்து பறித்து முதலில் மலையிறங்கிய பெண்ணின் முகம் பனிமூட்டத்தில் தெரியவில்லை. சிவந்த பாதம் மட்டும் தெரிந்தது. ‘மருதாணி பூசிய தாமரை’ என்று உடனே கவிதை எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்புமுன், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளின் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு உரக்க வாசித்தேன்.

“ஆத்தாடி, மருதாணியாம்ல!” என்று ஒருத்தி சிரித்தாள்.

அவர்களோடு இருந்த என் அண்ணன் மனைவி சிரிக்கவில்லை. “மொதல்ல எறங்குனது நான்தான் தம்பி. நல்லாப் பாருங்க” என்று காலை நீட்டினாள். விரலிடுக்கில் ரத்தம் குடித்துக் கொழுத்த அட்டையொன்று இன்னும் தொங்கியது. உப்பு வைத்ததும் ரத்தம் கக்கி விழுந்தது.

“இதையும் எழுதிக்கிறீங்களா?”

அட்டையை அவள் வாசலடுப்பில் போட்டாள். பின்னாலேயே என் கவிதையையும் போட்டேன்.

அட்டையாவது பசிக்குக் குடித்தது.