சிதம்பரம் பஸ்ஸில் கழற்றிய ஜெர்சி

சிதம்பரத்தில் கண்டக்டர் விசில் ஊதியதும் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. மடியில், எங்கள் வீட்டின் முதல் பட்டச் சான்றிதழ்.

ஒன்பதாவது படித்தபோது, கடலூரில் எங்கள் காலனி ஃபுட்பால் டீமும் ஊர்த்தெரு டீமும் ஒரே கிளப்பாகச் சேர்ந்தன. நீல ஜெர்சி, புது நைலான் வாசனை. இரண்டு மாதம் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம். "வம்புலதான்டா முடியும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஜெர்சியைத் துவைப்பாள்.

சிதம்பரத்தில் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் என் காலில் பட்ட பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்னால். விசில் ஊதி பஸ் நகர்ந்ததும் ஊர்த்தெரு கேப்டன் எழுந்து வந்தான். காலையில்கூட நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம்.

"வேணும்னே அடிச்சியாடா? கழட்டு ஜெர்சிய."

"வூட்டுக்குப் போயி குடுத்துடறேண்ணே." அண்ணே என்றுதான் வாயில் வந்தது.

"இப்பவே கழட்டு."

கழற்றினேன். பக்கத்தில் இருந்த எங்கள் காலனி மணி, கேட்பதற்கு முன்பே தன்னுடையதையும் கழற்றினான். அத்தோடு கிளப் முடிந்தது. கடலூர் வரை வெறும் உடம்போடு, எந்த நிறுத்தத்தில் இறக்கி அடிப்பார்களோ என்று ஒவ்வொரு விசிலுக்கும் படியையே பார்த்தேன்.

"எங்க போவணும்பா?" இப்போது என் முன்னால் வந்து நின்றார் கண்டக்டர்.

"கடலூர் ஒண்ணுண்ணே."

ஒரு கையாலேயே டிக்கெட்டை வாங்கினேன். இன்னொரு கை பொத்தானை விடவில்லை.