போட்டோவுக்கு ஒரு விவசாயி

நான் விவசாயி இல்லை என்கிற விஷயம் எனக்கு ஒரு புரட்டாசி மாதம்தான் தெரியவந்தது. படாளத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் கழனியில் பதினான்கு வருஷமாக நாற்று விடுவதும், மடை பார்ப்பதும், அறுப்பு மெஷின்காரரோடு மல்லுக்கு நிற்பதும் நான்தான். பட்டா மட்டும் என் வீட்டுக்காரர் பெயரில். அவர் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு கார் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நல்ல மனுஷன். நெல்லோடு அவருக்குப் பழக்கம் அது சோறான பிறகுதான்.

அந்த வருஷம் நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. நடவாட்களுக்குக் கூலியும் உரமும் வேண்டும். செல்போனிலேயே பயிர்க்கடன் தருகிற ஒரு ஆப் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பட்டாவையும் வீட்டுக்காரரின் ஆதாரையும் ஏற்றிவிட்டுக் கழனியில் நின்று ஒரு போட்டோ அனுப்பினால் போதுமாம். முட்டியளவு சேற்றில் நின்று எடுத்து அனுப்பினேன். ‘விவசாயியின் முகம் பொருந்தவில்லை’ என்று பதில் வந்தது.

கம்பெனி ஆளுக்கு போன் செய்தேன்.

“அம்மா, நீங்க விவசாயி இல்ல. விவசாயியோட வொய்ஃப். பட்டால பேர் கீறவருதான் நிக்கணும்” என்றார்.

நாற்றுக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. நாள் தாண்டிய நாற்றை நட்டால் தூர் வெடித்துக் கிளைக்காது, விளைச்சலில் பாதி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். “நீ கொழம்ப பாரு, நா போய் எடுத்துகினு வரேன். என் கழனிக்கு எனக்கு வழி தெரியாதா?” என்று கிளம்பினார். அரை மணியில் திரும்பி போனை நீட்டினார். இஸ்திரி போட்ட சட்டை, கூலிங் கிளாஸ், பின்னால் ஒரு பனைமரம்.

“இன்னாங்க, இது யாரு கழனி?”

“பனமரம் கீதே, நம்மளுதுதான்.”

“நம்ம மரம் புயல்ல வுழுந்து நாலு வருசம் ஆவுது.”

வரப்புத் தகராறில் நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் பங்காளியின் கழனியில் நின்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார்! “மரம் வுழுந்தத எங்கிட்ட யாருமே சொல்லலியே” என்றார். போட்டோவை அதற்குள் அனுப்பியும் விட்டார். இடம் பொருந்தவில்லை, அடுத்த ஞாயிறு கம்பெனி ஆள் நேரில் வருவார் என்று ஆப் சொல்லிவிட்டது. நாற்றுக்கு இன்னும் ஒரு வாரம் வயது கூடியது.

கம்பெனி ஆள் வந்தார். “இன்னா ரகம் சார்?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “நாத்து எத்தினி நாளு சார்?” மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் சொல்வது அந்த ஆளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் இவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்துதான் போனில் தட்டினார்.

“மேடம், நீங்க தள்ளி நில்லுங்க. விவசாயி மட்டும்தான் வரணும்.”

நான் சேற்றில் இறங்கி ஒதுங்கினேன். இவர் ஷூவோடு வரப்பில் நின்றார். “கொஞ்சம் சிரிங்க சார்” என்றதும் சிரித்தார், வழுக்கினார். ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து போட்டோ விழுந்தது. ஓரத்தில் சேறு பூசிய என் கை மட்டும் தெரிகிறது. ஆப்புக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, பச்சை டிக் போட்டது.

கடன் அவர் கணக்குக்கு வந்தது. கிழட்டு நாற்றைத்தான் நட்டோம். அறுப்பு முடிந்த வாரம், விளைச்சல் எப்படி என்று ஆப் விவசாயியைக் கேட்டதாம். விவசாயி மாமல்லபுரத்திலிருந்து எனக்கு போன் போட்டார்.

“இன்னா போட்றது?”

“பாதிதான்னு போடுங்க.”

“ஏன் பாதின்னு கேக்குதே?”

“விவசாயி வர லேட்டாயிடுச்சுன்னு போடுங்க” என்றேன்.