பொட்டு வைக்கத் தோதான வட்டம்

மகள் வாங்க நினைத்த விமானத்துக்கு அன்று இறக்கைகள் இல்லை. குத்தம்பாக்கத்தில், புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கிடங்கில், உடல் மட்டும் மூன்று சக்கரங்களில் நின்றது. கழற்றிய இறக்கைகள் சுவரோரம் பழைய மெத்தைகளின் மேல் கிடந்தன. மெத்தைகளை எண்ணினேன். நான்கு.

ஆவடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. மகளுக்கு அம்பத்தூரில் கணினி நிறுவனத்தில் வேலை. விமானம் ஓட்டும் உரிமம் கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உடன் வேலை செய்யும் இருவரோடு பங்கு சேர்ந்து, இரண்டு பேர் உட்காரும் இந்தப் பழைய விமானத்தை வாங்கத் துடித்தாள். "ஒரு தடவை வந்து பாருங்கப்பா. வேணாம்னு நீங்க சொன்னா விட்டுடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும் என்றுதான் சேக்காட்டிலிருந்து கிளம்பினேன்.

தரகர் குமணன்சாவடியில் பழைய கார் விற்பவர். விமானம் அவருக்கும் இதுதான் முதல் தடவை.

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வெச்சிக்கினு இருந்த வண்டி. நாயித்துக்கெழம மட்டுந்தான் எடுப்பாரு. இன்னா பாக்குற, டயரு புச்சா போட்டுகீது."

"மைலேஜ் எவ்ளோ குடுக்கும்ணா?" என்று மகள் சீண்டினாள்.

"நீ மெதுவா பறந்தீன்னா நல்லாவே குடுக்கும்மா" என்றார், சிரிக்காமல்.

டாக்டர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விமானத்தில் அல்ல, பூந்தமல்லியில் தன் வீட்டில், தூக்கத்தில். அவர் மனைவி கிடங்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. விமானத்தின் இடது இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உயரமான ஆளுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. மகள் ஏறி உட்கார்ந்தபோது கால் எட்டவில்லை. இருக்கையை முன்னே இழுக்கப் போனவள், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள், யாரோ இப்போதுதான் எழுந்து போன இடத்தில் உட்காருகிறவள்போல.

நான் வெளியே, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். இடது கதவுக்கு முன்னால் எண்ணிக்கை நின்றுவிட்டது. அங்கே எட்டணா அளவில் ஒரு வட்டத் தகடு. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை வைத்துக் காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் மாறியது. தகட்டின் நடுவில் ஊசித்துளை உண்டு, அதன் வழியே வரும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும் முள் நகரும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். துளை அடைபட்டால், மேலே போனாலும் கீழே வந்தாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்குமாம்.

"நான் வெச்சதுதாம்மா." அந்த அம்மாள் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தார். "அவர் பறக்கற அன்னிக்கெல்லாம் கூடப் போவேன். ஓடுதளத்துல தேங்காய் உடைக்க விடமாட்டாங்க. பொட்டு மட்டும் வைப்பேன். இந்த வட்டம் பொட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கில்ல? இப்பவும் வெள்ளிக்கிழமை வந்து வெச்சிட்டுத்தான் போறேன்."

"எத்தனை வருஷமா?" என்றேன்.

"எட்டு."

பேசாதீர்கள் என்பதுபோல் மகள் என் மணிக்கட்டை அழுத்தினாள். ஆனால் நான் தேடிவந்த குறை கிடைத்துவிட்டது. பயம் வேறு. சொல்லிவிட்டேன்.

"அந்த ஓட்டை அடைஞ்சா எவ்வளவு உயரத்தில இருக்கோம்னு தெரியாதும்மா. இறங்கறப்ப ஆபத்து."

தரகர் தன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். அந்த அம்மாள் தகட்டுக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார். பிறகு, "பறந்துட்டு வர்ற அன்னிக்குக் கர்சீப் மஞ்சளா இருக்கும். நெத்தியில வெச்சுவிட்டத அழிச்சிட்டார்னு திட்டுவேன். சிரிப்பார்."

முந்தானையை எடுத்துத் தகட்டைத் துடைக்கப் போனார்.

"தேய்க்காதீங்க ஆன்ட்டி, உள்ள இறங்கிடும்" என்று மகள் தடுத்தாள்.

கை அப்படியே நின்றது. "அப்போ அவர் எப்படித் துடைச்சார்?"

மகளுக்கு எப்படித் தெரியும்? மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் இங்கே குனிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும், இதே இடத்தில். அந்த இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். என்னையறியாமல் ஓரடி நகர்ந்து வழிவிட்டேன். யாருக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்திருந்தது. என் தலை சரி என்று அசைந்தது.

"வாங்கிக்கறோம் ஆன்ட்டி" என்றாள்.

வீட்டில் மனைவி கேட்டபோது, நன்றாக யோசித்து நானேதான் சம்மதித்தேன் என்றேன். நான் எதையும் யோசிக்கவில்லை.